சதுரம் நின்ற இடம்

இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினேழு படங்கள்.
எட்மன்டனில் வெளியே மைனஸ் இருபத்தாறு.
பக்கத்து வீட்டுக்காரன் கார் எஞ்சினுக்குக் கொடுத்த ஹீட்டர் வயர்
பனிக்கு மேலே ஆரஞ்சுக் கோடாய்க் கிடக்கிறது.
மில் வுட்ஸ் மண்டபத்தில் சனிக்கிழமை கலியாணம்,
இன்று திங்கள், ராத்திரி ஒன்றரை.
தேத்தண்ணி ஆறி ஆடை பிடித்துவிட்டது.

ஒரு பொத்தானை அழுத்தினால்
படத்தின் மேல் சின்னதாய் ஒரு சிவப்புச் சதுரம் எழும்பும்,
கமரா இங்கேதான் பார்த்தது என்று.
பொம்பிளையின் இடது கண்ணில் இருந்தால் நிம்மதி.
மாப்பிள்ளையின் தலைப்பாகைக் கல்லில் இருந்தால், சரி, போகட்டும்.
தாலி கட்டும் படத்தில் மட்டும்
அது போய் ஐயரின் கைக்கடிகாரத்தில் குந்தியிருக்கிறது.
முள் இரண்டும் அத்தனை துல்லியம்:
பன்னிரண்டு நாற்பது.
கார்டில் அச்சடித்த முகூர்த்தம் பன்னிரண்டு இருபதோடு முடிகிறது.
மங்கலாய் இருப்பது மணமக்கள்தான்.
இதை நான் யாருக்கும் காட்டப் போவதில்லை.

ஆற்றங்கரையில் எடுத்தவை வேறு விதம்.
வெள்ளைத் தரை, வெள்ளை வானம்,
விளிம்பே இல்லாத இடத்தில் கமரா எதைப் பிடிக்கும்?
சாவியைத் தொலைத்தவன் சட்டைப்பையைத் தடவுகிறமாதிரி
லென்ஸ் முன்னுக்கும் பின்னுக்கும் முனகிக்கொண்டு திரிந்தது.
கடைசியில் மாப்பிள்ளையின் கறுப்புக் கோட்டில்
ஒரு பொத்தான் அகப்பட்டது.
அதைப் பிடித்துத்தான் அன்றைய பின்னேரம் முழுதும் கரையேறியது.

இனி நிரோஜனின் கார்ட்.
இருபது வயது, யூனிவர்சிட்டி,
சனி ஞாயிறில் எனக்கு இரண்டாவது கமரா.
குறை சொல்ல ஒன்றுமில்லை.
பொம்பிளையின் இமைமயிரை எண்ணலாம்,
ஆலாத்திச் சுடரின் நுனி ஊசிபோல் நிற்கிறது.
ஆனால் சதுரம் பொம்பிளையில் இல்லை.
அவளுக்குப் பக்கத்தில், அதே தூரத்தில்,
அறுகரிசித் தட்டோடு நிற்கிற
ஊதாநிற அரைச்சேலைக்காரியின் மூக்குத்தியில் இருக்கிறது.
ஒரே தூரம் என்பதால் இருவரும் தெளிவு.
பெற்றவர்களுக்குத் தெரியாது. ஆல்பத்துக்குத் தெரியாது.

திட்டலாம் என்று போனை எடுத்தேன், வைத்தேன்.
சதுரத்தை முழுக்க நம்பவும் கூடாது.
ஒரு முகத்தைப் பூட்டிவிட்டு
விரலை எடுக்காமல் கமராவைத் திருப்பினால்
முகம் நகர்ந்துவிடும், சதுரம் நகராது.
முதலில் நின்ற மூலையிலேயே நிற்கும்,
அதன் கீழே இப்போது வந்து அகப்பட்டது யாராயிருந்தாலும்.
பாவம், பெடியன் பொம்பிளையைத்தான் பூட்டியிருப்பான்.
எல்லாரும் அடங்கட்டும் என்று திருப்பியிருப்பான்.
தற்செயலாய் அவளுடைய மூக்கில் போய் விழுந்திருக்கும்.

ஒரு படத்தில் அப்படி நடக்கலாம்.
இரண்டில் நடக்கலாம்.
பதினொன்றில்?

பன்னிரண்டாவதைத் திறந்தேன்.
அதில் அவள் தட்டை மறந்து
நேராக லென்ஸைப் பார்க்கிறாள்,
யாரோ கூப்பிட்டதுபோல்.
சதுரம் அவளில் இல்லை.
எங்கே என்று தேடினேன்,
கீழே, முன்னுக்கு, நிறைகுடத்துத் தேங்காயில்,
அவசரமாய்ப் போய் ஒளிந்திருக்கிறது.
தேங்காயின் ஒவ்வொரு நாரும் அப்படித் தெளிவு.
அதற்குப் பின்னால் பொம்பிளை, மாப்பிள்ளை, மூக்குத்தி, முழுச் சபையும்
புகையாய்க் கலங்கிக் கிடக்கிறது.

சதுரத்தை அணைத்தேன்.
வீட்டாருக்குப் போகிற அறுநூறு படங்களிலும்
அது இருக்காது, எப்போதும் இருந்ததில்லை.

நித்திரைக்குப் போகமுன் ஒரு வரி அனுப்பினேன்:
நிரோஜன், எல்லாம் வடிவு, ஒரு படம்தான் மங்கல்.

எது என்று நான் சொல்லவில்லை.
இரண்டு பத்துக்குப் பதில் வந்தது.
தெரியும் அக்கா.